கிளினிக் கொப்பியில் நான் வாசிக்காத பாதி

என்னுடைய பித்தக் குழாய் நான் பிறந்த நாளிலிருந்தே பிழையாக இருந்திருக்கிறது. ஐம்பத்திரண்டு வருடம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன், இடம்பெயர்ந்தேன், திரும்பி வந்தேன், கலியாணம் கட்டினேன், ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து தலை நரைத்தேன். அது தன் பாட்டில் இருந்தது, நானும் என் பாட்டில் இருந்தேன். ஈரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் இந்தக் குழாய் மற்றவர்களுக்குப் பென்சில் தடிப்பில் இருக்குமாம். எனக்கு அது நடுவில் கோழிமுட்டை அளவுக்கு ஊதிக் கிடந்தது.

ஸ்கான் முடிவை வீட்டில் சொன்னபோது, ஆயிரத்தில் ஒருவனாக இருக்கிறேன் என்ற ஒரு சின்னப் பெருமை என் குரலில் இருந்திருக்க வேண்டும். மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

"உங்களிட்டை நேராப் போற சாமான் என்ன இருக்கு, அது நேராப் போக?" என்றாள்.

அவள் மனையியல் ரீச்சர். கரவெட்டியில் எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு கொழுப்பு என்று அவள் எழுதி ஒட்டிய அட்டவணை பல வருடமாகத் தொங்குகிறது. நான் அதைச் சுவரின் வெடிப்பை மறைக்கும் படமாக மட்டுமே கண்டு வந்தவன்.

குழாயைக் காட்டிக் கொடுத்தது ஆட்டிறைச்சி. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ஒரு கிடாய் அடித்து விருந்து வைத்தார். அன்று பின்னேரம் வலது விலாவுக்குக் கீழே பிடித்த நோ முதுகுவரை போய் இரண்டு மணித்தியாலம் நின்றது. வாய்வு என்றேன். எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு மண்டை வெடித்தாலும் வாய்வுதான். இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்தேன். மூன்றாவது தடவை நோ வந்து நான் கதிரையில் வளைந்து கிடந்தபோது மனைவி பிளேன்ரீ போடவில்லை, ஓட்டோ பிடித்தாள்.

ஸ்கான், பிறகு பெரிய மெசினுக்குள் படுக்க வைத்து இன்னொரு ஸ்கான், பிறகு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிளினிக். சத்திரசிகிச்சை நிபுணர் என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த ஒரு பெண். என்னுடைய கிளினிக் கொப்பியில் அழகாக ஒரு படம் கீறினார். ஈரல், குழாய், நடுவில் வீக்கம், கீழே குடல். செமிபாட்டு நீர் சுரக்கிற சதையியின் குழாய் பக்கத்திலிருந்து வந்து இதில் சேருகிறது. எனக்கு அந்தச் சந்தி இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே அமைந்துவிட்டதாம். அதனால் அந்த நீர் பித்தக் குழாய்க்குள் ஏறித் தேங்கி, உட்தோலை வருடக்கணக்காக அரித்துக்கொண்டிருக்கும் என்று விளங்கப்படுத்தினார்.

"இப்ப புற்றுநோய் இல்லை ஐயா. ஆனா இதை இப்பிடியே விட்டால் ஒரு நாளைக்கு அதுவா மாறலாம். மாறமுதல் வெட்டி எடுக்கவேணும்" என்றார்.

வீக்கத்தையும் பித்தப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டுக் குடலில் ஒரு பகுதியை மேலே இழுத்து ஈரலின் குழாயோடு தைப்பார்களாம். அதையும் படத்தில் கீறிக் காட்டினார். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். பிறகு கொஞ்ச நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார், கொப்பியில் ஏதோ எழுதினார், மூன்று மாதத்துக்குள் வரச்சொல்லி அனுப்பினார்.

கந்தோரில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடிதம் வந்தாலும் அதிலே முக்கியமான வரிக்குக் கீழே அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் கோடு போடுவேன். மேலதிகாரிகள் கோட்டை மட்டும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைப்பார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் கிளினிக் கொப்பியை மேசையில் விரித்து, டொக்டர் ஆங்கிலத்தில் எழுதியதில் 'பினைன்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தேன். தீங்கில்லாதது என்று அர்த்தம். அதற்கும், புற்றுநோய்க்கு அடையாளம் இல்லை என்ற வரிக்கும் இரட்டைக் கோடு போட்டேன். அதற்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. கோடு போட்டாயிற்று என்று கொப்பியை மூடினேன்.

மனைவி மூடவில்லை. அவளுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். அந்த நாலு வரியையும் வாசித்துவிட்டு, எப்போது ஒப்பரேசன் என்று கேட்டாள். பொறுத்துப் பார்ப்பம் என்றேன். ஒன்றும் இல்லாத வருத்தத்துக்கு யாராவது வயிற்றைக் கிழிப்பார்களா என்று ஒரு வியாக்கியானமும் செய்தேன். அவள் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மேசையில் மூடி இருக்கும், அவள் இருக்கமாட்டாள். நான் அதை மௌனவிரதம் என்று அயலட்டையில் பகிடியாகச் சொல்லித் திரிந்தேன். அவள் பயந்துபோய் இருந்தாள் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கினால் நானும் பயப்பட வேண்டிவருமே என்றுதான் பகிடி விட்டேன்.

அந்த நேரம் பார்த்து நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறியது.

நல்லூர்க் கொடி ஏறினால் எங்கள் வீட்டில் மீன்சட்டி மேலே அட்டாளைத் தட்டுக்கு ஏறிவிடும். இருபத்தைந்து நாளும் சைவம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய் இந்த முறை ஒருபொழுது பிடித்தேன். பகலில் ஒரு நேரச் சோறு, இரவில் ஒரு வாழைப்பழமும் பாலும். முருகனிடம் என் குழாயை நேராக்கித் தரும்படி நேர்த்தியும் வைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த இருபத்தைந்து நாளில் ஒரு நாள்கூட நோ எட்டிப் பார்க்கவில்லை. தேரன்று தேங்காய் உடைக்கும்போது என் கண்ணால் தண்ணீர் ஓடியது. குழாய் நேராகிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இருபத்தைந்து நாள் இறைச்சியில்லை, பொரியலில்லை, ஒரு நேரம்தான் சாப்பாடு, நோ எப்படி வரும் என்று மனைவி கேட்டாள். முருகனுக்கு நன்றி சொல்லமுதல் குசினியில் மூடிக்கிடந்த எண்ணெய்ப் போத்தலுக்கு நன்றி சொல்லட்டாம். நோ நின்றால் வீக்கம் போய்விட்டது என்று அர்த்தமா என்றும் கேட்டாள். தெய்வ காரியத்தில் மனையியலைக் கொண்டுவந்து செருகுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. கிளினிக்குக்குப் போய் டொக்டரிடமே சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அன்று பள்ளிக்கூடத்தில் சோதனை. இல்லையென்றால் அவளும் வந்திருப்பாள், இந்தக் கதையும் வேறு மாதிரிப் போயிருக்கும்.

விடிய முதல் பஸ்ஸில் போயும் எனக்கு முப்பத்தெட்டாவது நம்பர்தான் கிடைத்தது. கிளினிக்கில் எங்களுடைய கொப்பிகளை நாங்களேதான் கொண்டு திரிய வேண்டும். அதனால் வரிசையாகப் போட்ட வாங்குகளில் இருக்கிற எல்லாருடைய மடியிலும் ஒவ்வொரு கொப்பி. டொக்டர் என்ன எழுதினார் என்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவுக்கு ஒரு வரி வாசித்துச் சொன்னேன். அதுதான் நான் விட்ட பிழை. முப்பது வருடம் எல்லா வகைக் கிறுக்கலையும் வாசித்த கண் என்னுடையது. கொஞ்ச நேரத்தில் வாங்கின் இரண்டு பக்கத்திலிருந்தும் கொப்பிகள் என்னிடம் வரத் தொடங்கின. நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, கந்தோர்க் குரலில் வாசித்துக் கொடுத்தேன். இந்த ஊழியத்துக்கு முருகனே என்னை அனுப்பியிருக்கிறார் என்றுகூடத் தோன்றியது.

எனக்கு இடது பக்கத்தில் ஒருவர் இருந்தார். குருநகர்ப் பக்கம், அறுபதுக்கு மேல் வயது, கடல் தொழில். பெரிய எலும்புக்காரர், ஆனால் சட்டை தோளில் சும்மா தொங்கியது. கண் இரண்டும் நல்ல மஞ்சள். கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். என்ன வருத்தம் என்று கேட்டேன். பித்தக் குழாயில் ஒரு வீக்கம் என்றார். பிறவியிலேயே வந்ததாம்.

எனக்கு ஊரவனைக் கண்ட சந்தோஷம். எனக்கும் அதுதான் அண்ணை என்றேன், ஆனால் எனக்குச் சுகமாகிவிட்டது என்றேன். நல்லூர், ஒருபொழுது, இருபத்தைந்து நாள் என்று முழுக்கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். அவருக்குத் தவக்காலமாம். சாம்பல் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறுவரை இறைச்சியும் தொடமாட்டார், சாராயமும் தொடமாட்டார். அந்த நாற்பது நாளும் நோ கிட்ட வராது. அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தி. இப்படி ஏழெட்டு வருடமாகப் புதுமை நடந்துகொண்டிருக்கிறது.

இருபத்தைந்து நாளா நாற்பது நாளா என்று நாங்கள் ஒரு சின்ன வாதம் நடத்தினோம். முருகன் அந்த வேலையைக் கெதியாக முடிக்கிறார் என்பது என் கட்சி. அந்தோனியாருக்குக் கடலிலும் வேலை இருக்கிறது, அதுதான் சுணக்கம் என்பது அவருடைய கட்சி. எதிர் வாங்கில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நேர்ஸ் பிள்ளை எட்டிப் பார்த்து எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள்.

பிறகு நான்தான் கேட்டேன், பெருநாள் முடிந்த பிறகு எப்படி என்று.

பெருநாளன்று பின்னேரமே நோ வந்துவிடும் என்றார். நாற்பது நாள் அடக்கி வைத்துவிட்டு அன்றைக்குப் பன்றி இறைச்சியும் சாராயமும் பாவிப்பதால் வரும் தண்டனை என்று நினைத்திருந்தாராம். அடுத்த தவக்காலத்தில் இன்னும் கடுமையாக இருப்பாராம்.

எனக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டிறைச்சிக்குச் சொல்லி வைத்திருந்தது. விரதம் முடிந்ததற்கு. அது அப்போது ஞாபகம் வந்தது.

அவர் பையிலிருந்து தன்னுடைய கொப்பியை எடுத்தார். ஒன்றில்லை, மூன்று கொப்பிகளை வலை பின்னுகிற நூலால் சேர்த்துத் தைத்திருந்தது. அவருடைய மனைவியின் வேலையாம். எட்டு வருடத்துக்கு முதல் கண்ட டொக்டர் மாறிப் போய்விட்டார், இப்போது இருப்பவர் அப்போது என்ன சொன்னார்கள் என்று கேட்பார், அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துச் சொல்லும்படி கேட்டார். போன கிழமை எடுத்த புது ஸ்கானின் முடிவு உள்ளே வந்திருக்கிறதாம். இன்றைக்குச் சொல்வார்களாம்.

நான் கண்ணாடியைச் சரிப்படுத்தினேன். பக்கம் பழுப்பேறியிருந்தது, மை மங்கவில்லை. "பித்தக் குழாயில் பிறவி வீக்கம்" என்று தொடங்கினேன். "பினைன். அதாவது தீங்கில்லாதது. இப்போதைக்குப் புற்றுநோய்க்கு அடையாளம் எதுவும் இல்லை."

"அதுதான்" என்று தொடையில் தட்டினார். "இதைத்தான் நானும் வீட்டிலை சொன்னனான்."

அடுத்த வரிக்குக் கண் போனது. வாய் போகவில்லை. அந்த வரிகளை நான் முன்பே கண்டிருக்கிறேன். என்னுடைய கொப்பியில், இரட்டைச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, அதே நாலு வரி. எழுதிய கை வேறு. கொப்பியை மூடி, அவ்வளவுதான் அண்ணை என்று கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். மற்ற எல்லாருக்கும் கடைசிவரை வாசித்துக் காட்டிய பெரிய வாசகன் நான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கடலில் இருந்து பழகிய ஆள், முகத்தில் காற்று மாறினால் தெரிந்துவிடும் போல.

"மிச்சத்தையும் வாசியும் தம்பி" என்றார்.

வாசித்தேன். கந்தோர்க் குரல் வரவில்லை. "ஆனால் காலப்போக்கில் புற்றுநோயாக மாறக்கூடியது. சத்திரசிகிச்சை செய்து முழுவதையும் அகற்றும்படி சொல்லப்பட்டது. நோயாளி பொறுத்துப் பார்க்க விரும்புகிறார்."

கடைசி வரியில் 'நோயாளி' என்று இருந்தது நான்தான். என் கொப்பியிலும் அதே மாதிரித்தான் எழுதியிருந்தது. அதைக் கண்டும் காணாமல் கொப்பியை மூடியவன் நான்.

அவர் கொஞ்ச நேரம் கையைச் சொறியவில்லை. "அப்பவே சொன்னவை" என்றார். "எனக்குத்தான் பாதியோடை காது அடைச்சுப் போச்சு."

அவருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். கொப்பியை வாங்கிக்கொண்டு எழும்பிப் போனார். நான் என்னுடைய கொப்பியை எடுத்து விரித்தேன். சிவப்புக் கோடுகள் நேர்த்தியாக இருந்தன, அடிமட்டம் வைத்துப் போட்டதல்லவா. எனக்கு என்னிலேயே அருவருப்பாக இருந்தது. அவர் உள்ளே இருந்த நேரம் முழுக்க, கோட்டுக்குக் கீழே இருந்த நாலு வரியையும் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தவர் வாங்கில் இருக்கவில்லை, என் முன்னால் நின்றார். அது மாறிவிட்டதாம். ஈரலுக்கும் போய்விட்டதாம், இனி வெட்ட ஏலாதாம். மஞ்சளும் சொறிக்கடியும் குறைய உள்ளே ஒரு குழாய் வைப்பார்களாம். மீன் விலை சொல்வது போல ஒரே குரலில் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"நீர் உள்ளை போய் உம்மடை நேர்த்திக் கதையைச் சொல்லாதையும்" என்றார். "திகதியைக் கேளும்."

என் போன் நம்பரை அவர் வாங்கிக்கொண்டார். பெயரைக் கேட்கவில்லை. 'கொப்பி வாசிக்கிற தம்பி' என்று அவருடைய பேரன் பிறகு பதிந்து கொடுத்தானாம்.

நான் உள்ளே போனேன். டொக்டர் என்னுடைய கொப்பியைத் திறந்ததும் சிவப்புக் கோடுகளைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். நோ எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒரு மாதமாக இல்லை என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, "ஒப்பரேசனுக்குத் திகதி தாங்கோ டொக்டர்" என்றேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து அதே வசனத்தை மனைவிக்குச் சொன்னபோது அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். வாங்கில் நடந்ததை நான் சொன்னேன். அவளைச் சிரிக்க வைக்க அந்தோனியாருக்குக் கடலில் வேலை இருக்கிற கதையையும் சொன்னேன். சிரிக்கவில்லை. அந்த அண்ணைக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள்.

ஒப்பரேசனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் மயங்கிக் கிடந்தேன், மற்றவர்கள் வேலை செய்தார்கள், கந்தோரிலும் அநேகமாக அப்படித்தான். எழும்பியபோது வயிற்றில் ஒரு நீளத் தையல், பக்கத்தில் ஒரு ரியூப். இருமுவதென்றால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பால்மா டின்கள் கட்டிலுக்குக் கீழே ஒரு கடை அளவுக்குச் சேர்ந்தன. ஒருவர் ஆட்டிறைச்சி ரோலும் கொண்டுவந்தார். மனைவி அதை வாங்கி, அவரையே வார்ட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைத்து அனுப்பினாள்.

அந்த அண்ணை கிழமைக்கு ஒரு தரம் போன் எடுப்பார். நோகுதோ என்று கேட்பார். நான் அவரிடம் அதைத் திருப்பிக் கேட்கப் பயப்படுவேன். அவரே சொல்வார், கடி குறைந்துவிட்டது, நித்திரை வருகிறது, மகன் வள்ளத்தில் ஏறவிடுகிறான் இல்லை என்று. மார்கழியில் நத்தார்ப் பெருநாள்வரை இருந்தார். நத்தார் முடிந்த நாலாம் நாள் போய்விட்டார். செத்தவீட்டுக்கு நானும் மனைவியும் போனோம். அவருடைய மனைவி நான் தையல் வயிற்றைக் கையால் பிடித்தபடி நின்றதைப் பார்த்துத்தான் என்னை ஆரென்று மட்டுக்கட்டினா.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருவது அதற்கு ஐந்து கிழமைக்கு முந்திய ஒரு பின்னேரம். வெட்டி எடுத்ததைச் சோதித்த அறிக்கை அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. வீட்டு வாசலிலேயே நின்று இரண்டு தரம் வாசித்தேன், சிவப்புப் பேனையைத் தேடவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவர்தான். அறிக்கை வந்துவிட்டதா என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வேண்டும் போல இருந்தது. சாகப்போகிற ஒரு மனிசனுக்கு, அதே வருத்தத்தில், எனக்கு ஒன்றும் இல்லை என்று எப்படி வாசித்துக் காட்டுவது? இன்னும் வரவில்லை என்று சொல்லப் பார்த்தேன்.

"வந்திட்டுது அண்ணை."

"அப்ப வாசியும்."

வாசித்தேன். உட்தோலில் இரண்டு இடத்தில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. புற்றுநோயாக மாறவில்லை. வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் மிஞ்சியிருக்கிற குழாயிலும் பிற்காலத்தில் வரலாம், சீவியகாலம் முழுவதும் வருடா வருடம் சோதிக்க வேண்டும். முழுவதையும் வாசித்து முடித்தேன்.

மற்றப் பக்கத்தில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. கரையில் இருந்து கதைக்கிறார் போல.

"ஒண்டும் விடாமல் வாசிச்சீரோ?" என்றார்.

"ஓம் அண்ணை. ஒரு வரியும் விடேல்லை."

"எனக்கு இன்னொருக்கா வாசியும்" என்றார். "மாறேல்லை எண்ட இடத்தை மெல்லமா வாசியும்."

நான் படியில் இருந்து, கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்து, முதல் வரியிலிருந்து திரும்பவும் அவருக்கு வாசித்தேன்.